ஊர் தாங்கும் கப்பல்

சிறுவர் சிறுமியருக்குக் கடல்சார் பயிற்சி அளிக்கும் பிரிட்டனின் சீ கேடட் அமைப்பைக் கடற்படையின் ஒரு கிளை என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் ஒவ்வோர் உள்ளூர்ப் பிரிவும், அந்தந்த ஊராரே நிதி திரட்டித் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் தனி அறக்கட்டளையாகும். என்னை மிகவும் ஈர்ப்பதும் அதுவே.

கிரிமியப் போரிலிருந்து திரும்பிய மாலுமிகள், ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கென்ட் கரையோர ஊரான விட்ஸ்டபிளில் 1850களில் தொடங்கிய முயற்சியே இதன் வேர். கடலுக்கு வெகுதொலைவில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள விண்ட்சர் பிரிவுக்கு, 1899இல் விக்டோரியா அரசி சீருடைக்காகப் பத்து பவுண்டு வழங்கினார். 1919இல் கடற்படைத் தலைமையகம் அமைப்பை அங்கீகரித்தது; 1942இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அதன் அட்மிரல் ஆனார். சிறுமியரைச் சேர்த்துக்கொள்ள மட்டும் 1980 வரை ஆனது. இத்தனை தாமதம் தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து.

செங்கல் கட்டடத்தில் இயங்கினாலும் ஒவ்வொரு பிரிவும் ஒரு 'பயிற்சிக் கப்பலாக'வே கருதப்பட்டு, அதற்கென ஒரு பெயரையும் தாங்குகிறது. பத்து வயது முதல் பதினெட்டு வரையிலான பிள்ளைகள் படகோட்டம், முடிச்சுகள், அணிவகுப்பு ஆகியவற்றைக் கற்கிறார்கள். சீருடை அணிந்த கட்டளை அதிகாரி பயிற்சியைக் கவனிக்க, கட்டடம், படகுகள், கணக்கு வழக்கு ஆகியவற்றின் பொறுப்பை ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய நிர்வாகக் குழு சுமக்கிறது. அணிவகுப்பு நாளில் கைதட்டல் பெறாத அந்தக் குழுவினரின் உழைப்பு இல்லாவிட்டால், எந்தப் பிரிவும் நிலைத்திருக்காது.