நூல் பிடித்துக் கட்டிய வளைந்த சுவர்

உருகுவேயின் அட்லாண்டிடா பக்கம் ஒரு செங்கல் தேவாலயம் இருக்கிறது. கட்டியவர் எலாடியோ தியெஸ்தே, படிப்பால் பொறியாளர். 1960இல் கட்டி முடித்தது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் பக்கச் சுவர் தரையில் நேர்கோடாகத் தொடங்கி, மேலே போகப் போகப் பாம்பாக நெளிகிறது. படத்தைப் பார்த்ததிலிருந்து கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

முழுச் சுவருக்கு வீட்டில் இடமில்லை. ஒரே ஒரு அலை போதும் என்று முடிவு செய்தேன். 7 மீட்டர் சுவரை 28 சென்டிமீட்டராகச் சுருக்கினேன். செங்கல் அளவில் மட்டும் பொய்: 2 சென்டிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் தடிமன். களிமண்ணில் நூற்றுக்கணக்கில் வெட்டினேன். முதல் நூறு வெயிலில் வெடித்துப் போனது. மீதியை நிழலில் காயவைத்தேன்.

கீழ்ப்பலகையில் நேர்கோட்டில் ஆணிகள், மேல்பலகையில் அலைக்கோட்டில் ஆணிகள். எதிரெதிர் ஆணிகளை நூலால் இணைத்ததும் சுவர் காற்றில் நின்றது! ஒவ்வொரு நூலும் நேர், சேர்ந்து பார்த்தால் வளைவு. நம்மூர்க் கொத்தனார் நூல் பிடிப்பது சுவர் வளையக் கூடாது என்பதற்காக. இங்கே வளைவதற்கே நூல் பிடிக்கிறோம். பருத்தி நூல் கலவை பட்டதும் தொய்ந்தது. தூண்டில் நரம்புக்கு மாறினேன், சரியாகிவிட்டது.

கீழ் வரிக்கு 12 செங்கல். பதினெட்டாவது வரியில் இடுக்குகள் பல்லிளித்தன. நெளிந்த கோடு நேர்கோட்டைவிட நீளம் என்பது பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் கரண்டியோடு நிற்கும்போதுதான் உறைத்தது. உச்சியில் 13 செங்கல் தேவைப்பட்டது. இருபத்து மூன்றாம் வரியில் சுவரே சரிந்தது. ஈரக் கலவைமேல் அவசரப்பட்டு அடுக்கியது என் தப்பு. அப்புறம் நாளுக்கு ஐந்து வரிதான்.

கலவை இறுகும்வரை வேறு வேலை இல்லாததால், தியெஸ்தே செங்கலுக்கு வந்த கதையைப் படித்தேன். 1946 வாக்கில் உருகுவேயின் புந்தா பாயேனா கடற்கரையில் பெர்லிஞ்சியேரி வீடு. வடிவமைத்தவர் அந்தோனியோ போனே: பார்சிலோனாக்காரர், பாரிசில் பிரபல கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்தவர், 1938இல் புவனஸ் ஐரிஸ் வந்து சேர்ந்தவர். அவர் கேட்டது மெல்லிய கான்கிரீட் வளைகூரை. செங்கலிலேயே போடலாம் என்றவர் தியெஸ்தே.

பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் மெல்லிய ஓட்டு வளைகூரை பழைய தொழில். அதனால் யோசனையைக் கொண்டுவந்தவர் போனேதான் என்று நான் நினைத்திருந்தேன். கதை நேர்மாறு! முறையும் வேறு. அங்கே ஓடுகளைப் பல அடுக்காக ஒட்டுவார்கள். தியெஸ்தே போட்டது ஒரே அடுக்குச் செங்கல், இடுக்குகளில் கம்பி. போனே அந்த வளைவைக் கேட்டிராவிட்டால் தியெஸ்தே செங்கலை வளைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்றைய நிலவரம்: நாற்பது வரியும் முடிந்தது. உச்சியைத் தட்டினால் லேசாக ஆடுகிறது. அசல் சுவரில் உச்சி விட்டமும் கூரையும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன, ஆகவே அடுத்தது கூரை. ஒரு பழைய சங்கிலியை இரண்டு ஆணியில் தொங்கவிட்டு, அட்டையில் வரைந்து, தலைகீழாகத் திருப்பினேன், வளைவு கிடைத்துவிட்டது. அதன்படி தெர்மோகோலில் சென்ட்ரிங்கும் வெட்டியாயிற்று. தியெஸ்தே தன் வளைகூரைகளுக்கு ஒரே சென்ட்ரிங்கைத் தள்ளித் தள்ளி வைத்துத்தான் கட்டினார். என்னிடமும் தெர்மோகோல் ஒன்றுதான் இருக்கிறது.