வாய் திறந்து சொல்லாமலே ஆறும் காயம்

போருக்குப் போய்த் திரும்பியவர்களைப் பார்த்து நாம் சட்டென்று சொல்கிற ஒன்று உண்டு: "மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க, சரியாயிடும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவர்களில் பலருக்கு அப்படிக் கொட்டுவதுதான் முடியாத காரியம். கட்டிய மனைவியிடமே முப்பது வருஷமாகச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வார்கள்? உறுத்துகிறதை நினைத்துக்கொண்டே முகத்திலும் உடம்பிலும் சில இடங்களை விரலால் தட்டுகிற டேப்பிங் என்ற முறை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். இதில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான் இருக்கும் சான் அன்டோனியோ அமெரிக்காவில் ராணுவ ஊர் என்றே பெயர் வாங்கியது. வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் என்று எங்காவது போய் வந்தவர் ஒருவராவது தெருவுக்குத் தெரு இருப்பார். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 ராத்திரி நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாணவேடிக்கை பார்க்கப் போகும்போது, அவர்களில் சிலர் ஜன்னலை எல்லாம் அடைத்து டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹோட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்த மாதிரி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகத் தேடுவார்கள்.

முறை எளிதுதான். எது உறுத்துகிறதோ அதை நினைத்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வேதனை என்று ஒரு எண் சொல்ல வேண்டும். அப்புறம் உள்ளங்கையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே, "இந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சை அடைக்குது, ஆனாலும் என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம். பிறகு இரண்டு விரலால் புருவத்தின் உள்முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடை, கழுத்தெலும்புக்கு அடியில், அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை என்று வரிசையாகத் தட்ட வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி எண்.

"என்னை ஏத்துக்கறேன்" என்ற இடத்தில் ராணுவத்தில் இருந்தவர்கள் பலர் நின்றுவிடுவார்கள். கூட இருந்தவன் செத்துப்போக தான் மட்டும் பிழைத்து வந்தவருக்கு அந்த வார்த்தை பொய்யாகப் படுகிறது. அவரை வற்புறுத்தக் கூடாது. "இப்போ நான் என் வீட்டில் இருக்கேன்" என்று மாற்றிக்கொண்டாலும் போதும்.

நான் டாக்டர் இல்லை, பயிற்சி எடுத்த ஒரு தன்னார்வலர், அவ்வளவுதான். ஈராக் போய் வந்த ஒருவரோடு ஒரு சாயங்காலம் அவர் வீட்டு கராஜில் உட்கார்ந்திருந்தேன். நினைவை ஒரு சினிமாவாக வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பேர் மட்டும் கொடுங்கள் என்று கேட்பது இதில் ஒரு வழி. ரொம்ப நேரம் தரையையே பார்த்துவிட்டு "வெள்ளை கார்" என்றார். எண் ஒன்பது. அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிச் சொல்லித் தட்டினோம். முதலில் ஆணி அடிப்பது போல வேகமாகத் தட்டினார், போகப்போக விரல் தளர்ந்தது, காதுவரை ஏறியிருந்த தோள் இறங்கியது, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். எண் நாலுக்கு வந்தது. அந்தக் காரில் யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதற்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. 1980-களில் ராஜர் கேலஹன் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த முறையை, ஸ்டான்ஃபோர்டில் இன்ஜினியரிங் படித்த கேரி கிரெய்க் யாரும் செய்யக்கூடிய அளவுக்குச் சுருக்கினார். 1994-ல் அவரும் ஏட்ரியன் ஃபௌலியும் லாஸ் ஏஞ்சலஸில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், வியட்நாம் போரில் இருந்தவர்களோடு ஆறு நாள் உட்கார்ந்தார்கள். 2013-ல் டாசன் சர்ச்சும் குழுவினரும் 59 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது: ஆறு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தட்டியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பி.டி.எஸ்.டி. (கொடுமையான அனுபவத்துக்குப் பின் வரும் மனஅழுத்த நோய்) என்று சொல்வதற்கான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். தட்டாமல் தங்கள் முறை வரக் காத்திருந்தவர்களில் அது நாலே சதவீதம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டது சும்மா காத்திருந்தவர்களோடுதான், வேறொரு சிகிச்சையோடு இல்லை, ஆளும் குறைவு. 2003-ல் வந்த இன்னொரு ஆய்வில், அந்த இடங்களை விட்டுவிட்டுக் கையில் வேறு இடத்தில் தட்டியவர்களுக்கும், ஒரு பொம்மையைத் தட்டியவர்களுக்கும்கூட பயம் குறைந்தது. தட்டும் இடங்கள் உடம்பில் ஓடும் சக்திப் பாதைகளில் இருக்கின்றன என்று இந்த முறைக்குச் சொல்லப்படும் விளக்கத்தை அதனால் நான் நம்புவதில்லை. பயமுறுத்தும் நினைவைக் கொஞ்சமாகத் தொட்டு, அதே நேரத்தில் உடம்பை அமைதியாக வைத்திருப்பதுதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். அதைவிட முக்கியமாக, ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறவருக்கு, யாரையும் எழுப்பாமல் தானே செய்துகொள்ள கைவசம் ஒன்று கிடைக்கிறது.

பி.டி.எஸ்.டி.க்கான அமெரிக்க அரசின் 2023 வழிகாட்டுதலில் முதலில் வைத்திருக்கும் மூன்று பேச்சு சிகிச்சைகளில் டேப்பிங் இல்லை. அந்தச் சிகிச்சைகளுக்குப் போகிறவர் போகட்டும், மாத்திரையை யாரும் தானாக நிறுத்த வேண்டாம். சின்ன எரிச்சல், தூக்கம் வராதது இதற்கெல்லாம் தனியாகத் தட்டிப் பழகலாம். பெரிய நினைவுகளைப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள், ஏனென்றால் பாதியில் அது பொங்கிவிட்டால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் 988-ஐக் கூப்பிட்டு 1-ஐ அழுத்தினால் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே ஆட்கள் ராத்திரி பகல் பார்க்காமல் இருக்கிறார்கள்.