யோசிக்காமல் தட்டிய ஒய்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பில் கணக்கிடும் ஃபைல் ஒன்றை விம் என்ற எடிட்டரில் திறந்து நாலு வரி மாற்றியிருந்தேன். சேவ் செய்யவில்லை. அதே ஃபைலில் இருந்த ரவுண்டிங் பிழையைச் சரிசெய்து ஏற்றிவிட்டதாக டீமில் இருக்கும் பெண் சொன்னாள். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், மற்றவர்கள் ஏற்றியதை இறக்கும் புல் கட்டளையைப் பக்கத்து டெர்மினலில் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கியது.

அந்த அமைதியைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கிட் பார்ப்பது டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை. என் நாலு வரியோ விம்மின் பஃபரில், அதாவது மெமரியில் கிடந்தது. முன்பே சேவ் செய்திருந்தால், "உன் மாற்றங்கள் அழிந்துபோகும், முதலில் கமிட் செய் (பதிவுசெய்)" என்று புல் நின்றிருக்கும்.

திரும்பி வந்து சேவ் கொடுத்தேன். 'படித்த பிறகு ஃபைல் மாறியிருக்கிறது' என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டுச் சொன்ன விம், நிஜமாகவே எழுதட்டுமா என்றும் கேட்டது. ஆம் என்பதற்கான ஒய் (y) தட்டினேன். கமிட், புஷ் (ஏற்றம்), வீடு.

திங்கள் காலை கேள்வி வந்தது: "அண்ணா, என் ஃபிக்ஸை ஏன் எடுத்தீங்க?" நான் எடுக்கவில்லை என்று சாதித்தேன். கிட் லாகில் அந்த வரிகளை நீக்கியவன் நான்தான். இரண்டு மாற்றங்கள் மோதும் கான்ஃப்ளிக்ட் ஏன் வரவில்லை என்றால், அவள் கமிட்டுக்கு மேல் நான் தெரிந்தே செய்த மாற்றமாகத்தான் கிட் அதைப் பார்த்தது. பழைய பஃபர் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அப்புறம்தான் செட்டிங்கைத் தேடினேன். விம்மில் ஆட்டோரீட் போட்டால், நாம் கைவைக்காத ஃபைலைத் தானே புதுப்பிக்கும். ஆனால் டெர்மினலில் அது எப்போதும் கண்காணித்துக்கொண்டிருப்பதில்லை. ஜன்னலுக்குத் திரும்பும்போதெல்லாம், டிஸ்க்கில் ஃபைல் மாறியதா என்று பார்க்கும் செக்டைம் கட்டளை ஓடும்படி ஒரு வரி சேர்த்தேன். தவறி ரீலோட் ஆனாலும், 10,000 வரிக்குள் இருக்கும் ஃபைலில், செய்ததைத் திருப்பும் யூ (u) தட்டினால் பழையது திரும்பும். இது தெரிய எனக்கு இத்தனை வருஷம்!

விஎஸ் கோட் என்ற எடிட்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் மாற்றம் சேவ் ஆகாமல் இருந்தால் ரீலோட் செய்யாது. சேவ் கொடுக்கும்போது நம் பதிப்பையும் டிஸ்க்கில் இருப்பதையும் ஒப்பிடச் சொல்லும், அங்கேயே ஓவர்ரைட் பட்டனும் இருக்கும்.

இந்த எடிட்டர்கள் இரண்டுமே, இரண்டு பக்கமும் மாறிய ஃபைலைத் தானாகத் தீர்த்துவைக்காது. அந்தக் கேள்வி வந்தால் இப்போது இல்லை என்பதற்கான 'என்' (n) தட்டி, வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் பார்க்கிறேன். போன வாரம் அப்படிப் பார்த்தபோது, ஃபைலை மாற்றியது வேறு யாருமில்லை. இன்னொரு ஜன்னலில் நானே ஓட்டிவிட்டு மறந்த, கோடை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர்.