கொசுறு

ஜூலை 4

நண்பன் பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்த 'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்' என்ற அனிமேவை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இன்றிரவு தொடங்கினேன். 2010இல் வந்தது, மேட்ஹவுஸ் தயாரிப்பு, 12 எபிசோடுகள். இயக்கம் டெட்சுரோ அராகி. 'டெத் நோட்' அனிமேவை எடுத்தவர் என்பதால்தான் உட்கார்ந்தேன். ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் தின்பதைக்கூடப் போர்க்களம்போல் காட்டியவர் அல்லவா!

முதல் எபிசோடு ஏமாற்றவில்லை. பள்ளி வாசலில் ஒரே ஒரு கடி. கடிபட்டவர்கள் செத்து, எழுந்து, மற்றவர்களைக் கடிக்கும் நடைப்பிணங்களாகிறார்கள். சற்று நேரத்தில் பள்ளியே பிணக்காடு. என்றும் தோழிகளாக இருப்போம் என்று கைகோத்து ஓடிய இருவரில் ஒருத்தி பிடிபட்டதும், மற்றவள் அவளை உதைத்து உதறுகிறாள். கதாநாயகன் தகாஷி, கடிபட்ட தன் உயிர்நண்பன் ஹிசாஷியைத் தன் கையாலேயே கொல்ல நேர்கிறது. வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நடுநடுவே கேமரா எங்கெங்கோ தாழ்ந்து போனது. கண்டுகொள்ளவில்லை.

ஜூலை 6

இனிக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. உயிருக்குத் தப்பி எல்லோரும் ஓடுகிறார்கள். கேமரா மட்டும் தரையில் படுத்துக்கொண்டு பாவாடைகளை அண்ணாந்து பார்க்கிறது. யாருடைய பார்வை இது? ஓடுகிற தகாஷிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பிணங்களோ, இந்தத் தொடரில் கண் தெரியாதவை. சத்தம் கேட்டுத்தான் வருகின்றன. மிச்சம் நான்தான். கேட்காமலேயே என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்திருக்கிறார்கள். அதிலும் இவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பார்க்கவே கூசுகிறது.

ஜூலை 7

வேலை. பார்க்கவில்லை. ரசிகர்களைக் கிளர்ச்சியூட்ட இப்படிச் சேர்க்கும் காட்சிகளை 'ஃபேன் சர்வீஸ்' என்பார்கள். பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லைப் பற்றி யோசித்தேன். கடைக்காரர் இலவசமாகக் கூடுதலாகத் தருவதையும் ஜப்பானில் 'சர்வீஸ்' என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்க் கொசுறு. 1995இன் 'எவாஞ்சலியன்' அனிமேவில் அடுத்த வார முன்னோட்டத்தை மிசாதோ என்ற பாத்திரத்தின் குரல் 'சர்வீஸ், சர்வீஸ்' என்று குறும்பாக முடித்துவைக்கும். காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதில் எனக்குப் புகார் இல்லை. பை நிறையக் கறிவேப்பிலையைத் திணித்து, அடியில் ஒரு கத்தரிக்காயைப் போட்டு அனுப்பினால்?

ஜூலை 9

தோட்டாக்கள், தகாஷியோடு தப்பி வரும் மாணவி சாயெகோவின் உடலை ஒட்டி, மார்பு குலுங்கக் குலுங்க, மெதுவாகப் பறக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன், மறுக்கவில்லை. ஆனால் சிரித்த பிறகு, அவள் சாகக்கூடும் என்ற எண்ணமே எனக்குள் எழவில்லை என்பது உறைத்தது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது அடுத்த எபிசோடு. இரவு, ஒரு கோயில். முன்பு தன்னைத் தாக்க வந்தவனை மரவாளால் அடித்தபோது அதில் இன்பம் கண்டதாகச் சாயெகோ தகாஷியிடம் சொல்கிறாள். நிதானமான, பண்பான பெண் என்று நாம் நம்பியவள் தன்னையே கண்டு அஞ்சுகிறாள். தொடரின் மிக நல்ல எழுத்து இதுதான். ஆனால் சற்று முன்புதான் அவளைத் தண்ணீரில் நனைத்து, அங்கம் அங்கமாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். இப்போது திடீரென்று அவளுக்கு ஒரு மனம் இருக்கிறது என்றால், எந்த முகத்தோடு கேட்பது?

ஜூலை 12

முடித்தாயிற்று. நண்பனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "வியாபாரம் அப்பா" என்றான். அதுவும் தெரிந்த கதைதான். இந்த வகைத் தொடர்கள் பலவற்றை நள்ளிரவு ஒளிபரப்பில் ஆவியும் வெளிச்சமும் போட்டு மறைப்பார்கள். பிறகு டிஸ்க்கில் விலக்கி விற்பார்கள். மறைத்ததை விற்பவருக்குப் பயத்தைப் பற்றி என்ன கவலை?

ஆனால் இதே அராகி 2013இல் 'அட்டாக் ஆன் டைட்டன்' எடுத்தார். அங்கும் மனிதரைத் தின்னும் உருவங்கள், அங்கும் இளம் பெண்கள் போரிடுகிறார்கள். அதன் வீராங்கனை மிகாசா கம்பியில் தொங்கிச் சுழன்று பறக்கும்போது கேமராவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் பறக்கிறது. விழுந்தால் செத்தாள் என்று நமக்கும் தெரிகிறது.

'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்'டின் மூலமான மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) கதை எப்படி முடிகிறது என்று தேடினேன். கதை முடிக்கப்படவே இல்லை. எழுதிய டைசுகே சாட்டோ 2017இல் காலமாகிவிட்டார். இரவு முதல் எபிசோடை மட்டும் மறுபடி போட்டேன். ஹிசாஷி சாகும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.