சிவப்பணு வெறும் ஆக்சிஜன் வண்டி இல்லை

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிற நைட்ரேட் மாத்திரை இருக்கிறதே, அந்த வகையின் மூத்த மருந்தான நைட்ரோகிளிசரினை 1870களிலிருந்தே மருத்துவர்கள் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அது ஏன் கேட்கிறது என்று தெரிய நூறு வருஷம் ஆனது. 1977இல் ஃபெரிட் முராட், அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு வெளிப்பட்டுத்தான் ரத்தக்குழாய் தளர்கிறது என்று காட்டினார். அப்புறம், குழாயின் உட்சுவரே அந்த வாயுவைச் சொந்தமாகத் தயாரிக்கிறது என்பதும் தெரியவந்தது. ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் பலரும் எழுதியதுதான். நான் சொல்ல வந்தது சிவப்பணுவைப் பற்றி.

இந்தக் கதையில் சிவப்பணுவுக்கு ரொம்ப நாளாக வில்லன் வேஷம்தான். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனோடு இருக்கும்போது நைட்ரிக் ஆக்சைடைக் கண்டால் விடாது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதை நைட்ரேட்டாக மாற்றிச் செயலற்றதாக்கிவிடும். அணு உடையாமல் இருக்கும்வரை இந்தச் சேதம் ஒரு அளவோடு நிற்கிறது, ஏனென்றால் ஓடுகிற ரத்தத்தில் சிவப்பணுக்கள் நடுவில் போக, சுவரை ஒட்டி மெல்லிய பிளாஸ்மா (அணுக்கள் மிதக்கும் ரத்தத் திரவம்) அடுக்கு ஒன்று இடைவெளியாக நிற்கிறது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோயான அரிவாள் செல் நோயில் அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் நேராகப் பிளாஸ்மாவில் கலந்துவிடும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. அந்த நோயாளிகளுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சரி, அப்படியானால் சிவப்பணு அழிக்க மட்டும்தானா? இல்லை என்ற வாதம் 1990களிலேயே கிளம்பிவிட்டது. ஹீமோகுளோபினே நைட்ரிக் ஆக்சைடைப் பத்திரமாகச் சுமந்துபோய் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இறக்குகிறது என்றது ஜொனாதன் ஸ்டாம்லரின் குழு. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் ரத்தத்தில் இருக்கும் நைட்ரைட் என்ற உப்பிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது என்று 2003இல் மார்க் கிளாட்வின் குழு சொன்னது. இந்தச் சண்டை இன்னும் முழுசாகத் தீரவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் சிவப்பணுவிலிருந்து மட்டும் அந்த நொதியை நீக்கினார்கள். குழாய்ச் சுவர் வழக்கம்போல நன்றாகவே தளர்ந்தது, ஆனாலும் ரத்த அழுத்தம் ஏறியது. உட்கருவே இல்லாத, சுமார் 120 நாளில் முடிந்துபோகிற ஓர் அணு, ரத்த அழுத்தத்தில் தனியாகக் கை வைக்கிறது!

இதய நோய்க்கு இது எப்படி வருகிறது? ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஜான் பெர்னோ குழு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் சிவப்பணுக்களை எடுத்து, தனியே துடிக்கவைத்த எலி இதயத்துக்குள் செலுத்தி, ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி மறுபடி திறந்தது. மாரடைப்பில் நடப்பதன் சிறு மாதிரி அது. ஆரோக்கியமானவர்களின் அணுக்களைப் பெற்ற இதயத்தைவிட இது மோசமாகவே மீண்டது. காரணம் ஆர்ஜினேஸ் என்ற நொதி. நைட்ரிக் ஆக்சைடுக்கு மூலப்பொருள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். நீரிழிவுள்ளவர்களின் சிவப்பணுவில் ஆர்ஜினேஸ் ஓங்கி அதைப் பிடுங்கிக்கொள்கிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடுகின்றன. ஆர்ஜினேஸைத் தடுத்ததும் இதயம் நன்றாக மீண்டது. நீரிழிவு இதயத்தைக் கெடுப்பது அடைப்பு வழியாக மட்டும் இல்லை, ஓடுகிற ரத்தமே மாறிவிடுகிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ஆர்ஜினின் மாத்திரை வாங்கலாமே என்று தோன்றினால், தயவுசெய்து பொறுங்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு 2006இல் வெளியானது. இதயத்தின் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற குழுவில் ஒருவரும் இல்லை, சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மூலப்பொருளைக் கூட்டினால் போதாது, அதைப் பிடுங்குகிற நொதியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதால்தான் ஆர்ஜினேஸ் தடுப்பான்கள் மேல் இப்போது இவ்வளவு கவனம்.