பக்கிங்ஹாம் கால்வாயும் என் பத்து நிமிடமும்

பி.ஏ. வரலாறு மூன்றாமாண்டில் ஆய்வரங்குக்குப் பெயர் கொடுத்தபோது, அதெல்லாம் பிஎச்டி பண்றவங்க வேலை, நமக்கெதுக்கு என்றுதான் வகுப்பில் பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, இப்போது சுத்தமாக இல்லை.

ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாகக் கடலோரமாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் தலைப்பு என்று சொன்னதும் வழிகாட்டி மேடம் கேட்டது, "இதுல நீ கண்டுபிடிக்கப் போறது எதும்மா?" 1806-இல் கோக்ரேன் என்ற வெள்ளைக்காரர் தொடங்கியது, 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் வெட்டியது, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரை வைத்தது, இதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. 1965, 66 புயல்களில் கால்வாய் சேதமாகி, அதன்பின் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். சரி, படகில் வேலை பார்த்தவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள்? என் ஆய்வே இந்த ஒரு கேள்விதான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். ஆனால் எனக்கு வேண்டியது அதிகமும் கிடைத்தது வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் பக்கத்துத் தெருக்களில். ஆந்திரப் பக்கமிருந்து சவுக்கு விறகு ஏற்றி வந்த ஒரு தாத்தா, காற்றடித்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் ஆகாதென்றால் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கரையில் இழுத்தபடி நடப்பது என்று எழுந்து நின்று குனிந்தே காட்டினார். புயலைப் பற்றிக் கேட்டேன். "பொயலு வந்துச்சும்மா, இல்லன்னு சொல்லல. தூந்த எடத்த தள்ளிக்கினு ஓட்டுனோமே. லாரி வந்துச்சு பாரு, அத்தோட முடிஞ்சுது." வெவ்வேறு படகுகளில் இருந்த மற்றவர்களும் லாரியையும் காஸ் அடுப்பையும்தான் சொன்னார்கள். பதிவு செய்யும் முன் எல்லோரிடமும் சம்மதம் கேட்டேன், பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயரை எங்கும் போடவில்லை.

ஆய்வரங்கில் இளங்கலை அமர்வை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தள்ளிவிட்டார்கள், பாதி நாற்காலி காலி, அது எனக்குக் கோபம்தான். எனக்குப் பத்து நிமிடம். கால்வாயின் வரலாற்றை ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டு நேராக அவர்கள் குரலுக்குப் போனேன். புத்தகத்திலிருந்து எடுத்ததை ஒரு நிறத்திலும் நான் கேட்டறிந்ததை வேறு நிறத்திலும் போட்டிருந்தேன், இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன், எது என்னுடையது என்று ஒருவரும் கேட்கவேண்டி வரவில்லை.

முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் விடாமல் பிடித்தார்: சிலருடைய நினைவை வைத்துப் புயல் காரணமில்லை என்று சொல்லிவிட முடியுமா? நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா, புயலுக்குப் பிறகும் படகு ஓட்டியவர்கள் தங்கள் தொழில் வேறு காரணத்தால் முடிந்ததாகச் சொல்கிறார்கள், அந்த வித்தியாசத்தைத்தான் காட்டுகிறேன் என்றேன். விடுதியில் தோழிகள் இதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுத் துளைத்திருந்ததால் குரல் நடுங்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, விறகுக் கடைக்காரர்களின் பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடிப் பார் என்றார். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், வடசென்னையில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள்.