அக்கரைப் பாட்டுகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெரியம்மாவை அடக்கம் பண்ணி இன்றோடு ஒன்பது நாள். கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் பாடியது 'ஸ்வீட் பை அண்ட் பை'. ஆங்கிலத்திலேயே பாட வேண்டும் என்று பெரியம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். அழகான அக்கரையில் சந்திப்போம் என்கிற பல்லவி வரும்போது முதல் பிடி மண் விழுந்தது. அந்தப் பாட்டு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தேட உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர்! பெயர் சான்ஃபோர்டு பென்னெட். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், எல்க்ஹார்ன் என்ற சிற்றூர், 1868. மெட்டுப் போட்ட ஜோசப் வெப்ஸ்டருக்கு அடிக்கடி மனம் சோர்ந்துபோகும். ஆளைப் பார்த்ததுமே பென்னெட்டுக்குத் தெரிந்துவிடும். உடனே ஒரு புதுப் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பார், அதுதான் மருந்து.

அன்றைக்கும் வெப்ஸ்டர் கடைக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் கணப்படுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, போகப்போக எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்தப் 'போகப்போக'தான் 'பை அண்ட் பை'. பென்னெட் அங்கேயே உட்கார்ந்து மூன்று சரணமும் பல்லவியும் எழுதி நீட்டினார். படித்ததும் வெப்ஸ்டரின் முகம் மாறியது. பிடிலை வாங்கி வாசித்துப் பார்த்தார். பென்னெட் எழுதத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் கடையில் நான்கு பேர் நின்று அதைப் பாடிக்கொண்டிருந்தார்களாம். பென்னெட்டே பிற்பாடு எழுதி வைத்த நினைவு இது.

நண்பனைத் தேற்ற எழுதிய பாட்டு என்று தெரிந்த பிறகு, கல்லறையில் கேட்டது வேறு மாதிரி நெஞ்சில் இறங்குகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடுத்து 'ஷேல் வி கேதர் அட் த ரிவர்' (ஆற்றங்கரையில் கூடுவோமா) பாட்டின் கதையைப் படித்தேன். எழுதியவர் ராபர்ட் லௌரி, புரூக்ளினில் பாப்டிஸ்ட் சபைப் போதகர். 1864 ஜூலையில் ஒரு மத்தியானம், தாங்க முடியாத புழுக்கத்தில் துவண்டு படுத்திருந்தபோது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 22ஆம் அதிகாரம் மனதில் ஓடியிருக்கிறது: 'பளிங்கைப்போல் தெளிவான ஜீவத்தண்ணீருள்ள சுத்தமான நதி'. சாவு என்னும் ஆற்றைப் பற்றி இத்தனை பாட்டு இருக்கிறதே, ஜீவநதியைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தவர், எழுந்துபோய் ஆர்கன் முன் உட்கார்ந்துவிட்டார். வேர்வையோடு கிடந்தவருக்குப் பரலோகம் தண்ணீராகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஃபேனி கிராஸ்பியிடம் வர இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். பிறந்தது 1820. ஆறு வார வயதில் கண்ணுக்குச் செய்த தவறான வைத்தியத்தோடு பார்வை போயிற்று. 1915 வரை வாழ்ந்து எட்டாயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதியவர். 1891இல் எழுதிய 'சேவ்டு பை கிரேஸ்' பைபிளின் பிரசங்கி புத்தகத்தில் சாவைக் குறிக்க வரும், அறுந்துபோகும் வெள்ளிக்கயிற்றில் தொடங்குகிறது. பல்லவியில் அவரை முகமுகமாய்க் காண்பேன் என்கிறார். தான் முதன்முதலில் பார்க்கப்போகும் முகம் இரட்சகருடையது என்பதே அவருக்குச் சந்தோஷம்.

பெரியம்மாவுக்கும் கடைசி நான்கு வருஷம் பார்வை இல்லை. நான் போனால் கன்னத்தையும் நெற்றியையும் தடவித்தான் அடையாளம் கண்டுகொள்வார். அப்புறம் 1 கொரிந்தியர் 13 வாசிக்கச் சொல்வார். பன்னிரண்டாம் வசனம் வந்ததும் என்னை முந்திக்கொண்டு, 'அப்பொழுது முகமுகமாய்' என்று அவரே சொல்லிவிடுவார்.